எரிச்சல் குடல் நோயில் அழற்சியின் பங்கு

மனித உடலின் உறுப்புக்களுள் புறவுலகப் பொருள்களோடு ஓயாது உறவாடும் உறுப்பு குடலேயாகும். நாள்தோறும் உண்ணும் உணவும், பருகும் நீரும், அவற்றோடு கலந்து வரும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் அதன் வழியே செல்கின்றன. இவற்றுள் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது எனப் பகுத்தறியும் பொறுப்பு குடலின் உட்சுவரைச் சார்ந்தது. இது காரணமாகவே உடலின் தற்காப்புச் செல்களுள் பெரும் பகுதி குடற்சுவரில் நிலை கொண்டுள்ளது. இக்காவற்படை தன் கடமையில் தவறினால் நோய்க் கிருமிகள் உடலைப் பற்றும். பகைவர் அகன்ற பின்னும் படைக்கலத்தைக் கீழே வைக்காவிடில் உடலுக்கே ஊறு விளையும். இந்த இரண்டாம் வகைத் தீங்கே, நெடுங்காலமாகக் காரணம் அறியப்படாதிருந்த ஒரு குடல் நோயின் ஒரு பகுதியை விளக்குகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மருத்துவர்கள் "ஐ.பி.எஸ்." எனச் சுருக்கி வழங்கும் எரிச்சல் குடல் நோயே அது.

நோயின் இயல்பு

எரிச்சல் குடல் நோயின் தலையாய குறி வயிற்று வலி. அவ்வலி மலம் கழித்தலோடு தொடர்புடையதாக இருக்கும். மலம் கழியும் தடவைகளும் மலத்தின் தன்மையும் மாறுபடும். சிலருக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டாகும். சிலருக்கு மலச்சிக்கல் நீடிக்கும். வேறு சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். உப்புசமும், மலம் முழுதும் கழியாதது போன்ற உணர்ச்சியும் பலரை வருத்துகின்றன. 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நான்காம் ரோம் அளவைகளின்படி, வலி வாரத்திற்கு ஒரு நாளேனும் என்ற அளவில் மூன்று மாதம் நீடித்திருத்தல் வேண்டும். நோய்க்குறிகள் தொடங்கி ஆறு மாதமேனும் கழிந்திருத்தல் வேண்டும். 33 நாடுகளில் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வொன்றில், இணைய வழியே வினவப்பட்டோருள் நூற்றுக்கு நால்வர் இவ்வளவைகளுக்கு உட்பட்டனர்.

இந்நோயாளரின் குடலை அகநோக்கிக் கருவியால் பார்க்கும் மருத்துவர் புண்ணையோ வீக்கத்தையோ காண்பதில்லை. இரத்தச் சோதனையும் பெரும்பாலும் குறையின்றி அமையும். ஆதலின், "உடலில் கோளாறு ஒன்றும் இல்லை, எல்லாம் மனக்கவலையே" என்ற சொல்லைக் கேட்டுப் பல நோயாளர் மனம் நொந்து திரும்புவது வழக்கமாயிற்று. வலி உண்மை, ஆனால் அதற்குரிய தடயம் கண்ணுக்குப் புலப்படவில்லை. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி, குடற்சுவரை இன்னும் நுணுகி ஆராய்வதில் இருந்தது.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைத்த இடம் சிவந்து, சுடுகை கண்டு, வீங்கி வலிக்கிறது. இதுவே அழற்சி. கிருமியோ காயமோ உண்டான இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் அங்கே விரைந்து கூடுகின்றன. அவை வெளியிடும் பொருள்கள் கிருமிகளை அழிப்பதோடு அருகிலுள்ள நரம்பு முனைகளையும் தூண்டுகின்றன. தீங்கு நீங்கியவுடன் அழற்சியும் அடங்குதல் இயற்கை நியதி.

குடலில் அழற்சி முற்றி நிற்கும் நோய்கள் சில உண்டு. கிரோன் நோயும், பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோயும் அவற்றுள் முதன்மையானவை. அவற்றில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரளாகப் புகுந்து குடற்சுவரைச் சிதைக்கின்றன. மலத்தில் இரத்தம் தோன்றுகிறது. அவ்வணுக்களிலிருந்து வெளிப்படும் கால்புரோடெக்டின் என்னும் புரதம் மலத்தில் மிகுந்திருப்பது அந்நோய்களுக்கு ஓர் அறிகுறி. எரிச்சல் குடல் நோயில் இப்புரதம் பொதுவாக மிகுவதில்லை. ஆகவே முன்னவை கொழுந்து விட்டெரியும் தீயை ஒத்தவை எனின், எரிச்சல் குடல் நோயாளருள் ஒரு சாராரிடம் காணப்படுவது நீறு பூத்த நெருப்பு எனலாம். மேலே பார்ப்பவருக்குச் சாம்பலே தெரியும். உள்ளே கனல் இருக்கும்.

சீதபேதிக்குப் பின் எழும் தொல்லை

இக்கனலுக்கு முதற்பொறி எங்கிருந்து வருகிறது என்ற வினாவிற்கு ஒரு விடை பழைய மருத்துவக் குறிப்புகளிலேயே உள்ளது. சீதபேதியினின்று தேறிய சிலருக்குக் கிருமிகள் முற்றும் நீங்கிய பின்னரும் வயிற்று வலியும் பேதியும் தொடர்வதைப் பற்றிய கட்டுரை 1950இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 1962இல் சௌதுரி, ட்ரூலவ் என்னும் இரு மருத்துவர்கள், எரிச்சலுற்ற பெருங்குடலையுடைய 130 நோயாளரைப் பற்றிய ஆய்வினை வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினருக்குத் தொல்லை ஒரு குடல் தொற்றைத் தொடர்ந்தே ஆரம்பமாகியிருந்தது. எனினும் நோயாளர் நினைவு கூர்ந்து சொல்வதை மட்டும் கொண்டு காரணத்தை நிறுவுதல் இயலாது. ஒரே காலத்தில் பலர் தொற்றுக்கு ஆளாகி, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராயும் வாய்ப்புக் கிட்டினாலன்றி ஐயம் தீராது. அவ்வாய்ப்பு ஒரு பெருந்துயரின் வாயிலாக வந்தது.

வாக்கர்ட்டன் நகரின் படிப்பினை

கனடா நாட்டின் ஒண்டேரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிறு நகர் உள்ளது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்குப் பெருமழை பெய்தது. மாட்டுச் சாணம் கலந்த நீர், ஊருக்குக் குடிநீர் வழங்கிய ஒரு கிணற்றினுள் புகுந்தது. நீரில் குளோரின் போதிய அளவு இருந்ததா என்பதை முறையாகக் கண்காணிக்கத் தவறியமையால் தீங்கு தடுக்கப்படவில்லை. ஈ. கோலை கிருமியின் கொடிய வகையொன்றும், காம்பிலோபாக்டர் என்னும் கிருமியும் குழாய் நீரில் கலந்தன. ஏறத்தாழ 5,000 மக்கள் வாழ்ந்த ஊரில் 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர், எழுவர் உயிரிழந்தனர்.

மருத்துவ அறிஞர்கள் அம்மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். முன்னர் எரிச்சல் குடல் நோய் இல்லாதிருந்தவர்களையே கணக்கில் எடுத்துக்கொண்டனர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் கண்ட நிலையை 2006இல் வெளியிட்டனர். தொற்றுக்கு ஆளாகாதோருள் நூற்றுக்கு 10 பேர் எரிச்சல் குடல் நோயின் குறிகளைக் கொண்டிருந்தனர். தாம் நோயுற்றதாகத் தாமே கூறியோருள் இத்தொகை நூற்றுக்கு 27 பேருக்கு மேலாகவும், தொற்று மருத்துவச் சான்றுகளால் உறுதி பெற்றோருள் நூற்றுக்கு 36 பேராகவும் உயர்ந்திருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது தொற்றுக்கு ஆளானோருள் நோய்க்குறிகள் கொண்டோர் தொகை குறைந்து நூற்றுக்கு 15 அளவில் நின்றது. அந்நிலையிலும் அது மற்றவர்களைவிட மிகுதியே.

இங்ஙனம் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. ஒரு முறை வந்து போகும் குடல் தொற்று, ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் தொல்லைக்கு வித்திடக்கூடும் என்பது ஒன்று. அத்தொல்லை பலருக்குக் காலப்போக்கில் தணிகிறது என்பது மற்றொன்று. பின்னர்ப் பல நாடுகளின் 45 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதனை வலியுறுத்தியது. குடல் தொற்றுக்கு ஆளானோருள் ஓராண்டிற்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவர்க்கு எரிச்சல் குடல் நோய் இருந்தது. தொற்றுறாதோரை நோக்க அவர்தம் அபாயம் நான்கு மடங்காகும்.

நுண்ணோக்கியில் கண்டவை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், கடுமையான குடல் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 94 பேரைப் பற்றிய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. தொற்றுக் காலத்தில் அனைவருடைய மலக்குடற் சீதச்சவ்விலும் அழற்சிச் செல்கள் மிகுந்திருந்தன. மூன்று மாதத்திற்குப் பின்னர், நலம் பெற்றோரிடம் அச்செல்கள் குறைந்தன. எரிச்சல் குடல் நோய் கண்டோரிடம் அவை குறையாது தங்கின. அடுத்த ஆண்டில் நாட்டிங்காம் நகர ஆராய்ச்சியாளர் இதே போன்ற முடிவினை வெளியிட்டனர். காம்பிலோபாக்டர் தொற்றுக்குப் பின் டி-லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்களும், செரட்டோனின் சுரக்கும் செல்களும் குடற்சுவரில் மிகுந்திருந்தன. செரட்டோனின் என்பது குடலின் அசைவையும் சுரப்பையும் தூண்டும் பொருளாதலின், பேதி நீடிப்பதற்கு இது ஒரு காரணமாகலாம். மேலும் குடற்சுவரின் செல்களுக்கிடையேயுள்ள இணைப்புக்கள் தளர்ந்து, உட்புகத் தகாத பொருள்களும் கசிந்து உட்புகும் நிலை காணப்பட்டது.

மாஸ்ட் செல்லும் நரம்பும்

குடற்சுவரின் காவலர்களுள் மாஸ்ட் செல்கள் தனிக் கவனத்திற்கு உரியவை. ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் 1878இல் இவற்றிற்குப் பெயர் சூட்டினார். செல்லின் உள்ளே நிரம்பியிருந்த மணிகளைக் கண்டு, இவை நன்கு உண்டு கொழுத்த செல்கள் என்று அவர் எண்ணியதே பெயருக்குக் காரணம். உண்மையில் அம்மணிகள் உணவல்ல. அவற்றுள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் முதலிய வீரியமிக்க பொருள்கள் அடங்கியுள்ளன. தூண்டுதல் பெற்றவுடன் மாஸ்ட் செல் இவற்றைச் சுற்றிலும் கொட்டிவிடுகிறது. தூசி பட்டால் வரும் தும்மலும், ஒவ்வாத உணவால் வரும் தோல் தடிப்பும் இதன் விளைவுகளே.

இத்தாலியின் பொலோன்யா நகர ஆராய்ச்சியாளர் 2004இல் ஒரு குறிப்பிடத்தக்க செய்தியை வெளியிட்டனர். எரிச்சல் குடல் நோயாளரின் பெருங்குடலில் கிளர்ச்சியுற்ற மாஸ்ட் செல்கள் நரம்பு இழைகளுக்கு மிக அருகில் அமைந்திருந்தன. நரம்பை அணுகிய மாஸ்ட் செல்கள் எவ்வளவு மிகுந்தனவோ, அவ்வளவிற்கு வலியின் கடுமையும் அடுக்கும் மிகுந்திருந்தன. இதனால், செல்களின் தொகையோடு அவை இருக்கும் இடமும் முக்கியம் என்பது விளங்கிற்று. நரம்பின் அருகே சிந்தும் ஹிஸ்டமின், வலியுணர்த்தும் நரம்பு முனையைக் கூருணர்ச்சி பெறச் செய்கிறது. பின்னர்க் குடலில் சிறிது வாயு சேர்ந்தாலும், உணவுக்குப் பின் இயல்பாக எழும் குடல் அசைவு தோன்றினாலும், மற்றவர் உணராத அதனை இந்நோயாளர் வலியாக உணர்கின்றனர்.

எல்லா ஆய்வுக்கூடங்களும் எல்லா நோயாளரிடமும் இம்மாறுதல்களைக் காணவில்லை என்பதும் கருதத் தக்கது. எரிச்சல் குடல் நோய் என்பது பல காரணங்களால் விளையும் ஒத்த குறிகளின் தொகுப்பு. அழற்சி அக்காரணங்களுள் ஒன்று. அதுவே முழுக் காரணம் அன்று.

உணவைப் பகையெனக் கருதுதல்

குறிப்பிட்ட உணவை உண்டால் வலி எழுகிறது என்று நோயாளர் பலர் கூறுவர். ஆயினும் வழக்கமான ஒவ்வாமைச் சோதனைகளில் ஒன்றும் தெரிவதில்லை. இப்புதிருக்கு ஒரு விளக்கத்தைப் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2021இல் அளித்தனர். அவர்கள் சுண்டெலிகளுக்குக் குடல் தொற்றை உண்டாக்கி, அதே காலத்தில் முட்டை வெண்கருப் புரதத்தையும் ஊட்டினர். தொற்று நீங்கிய பின் அதே புரதத்தை மீண்டும் ஊட்டியபோது எலிகளுக்குப் பேதியும் வலியும் உண்டாயின. தொற்றின் கலவரத்தினிடையே தற்காப்பு ஆற்றல் உணவுப் புரதத்தையும் பகைவன் எனப் பதிவு செய்துகொண்டது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் குடலில் மட்டும் தோன்றி மாஸ்ட் செல்களைத் தூண்டியது. உடல் முழுதும் அது பரவாமையால், தோலிலும் இரத்தத்திலும் செய்யும் சோதனைகள் அதனைக் காட்டுவதில்லை.

பின்னர் மனிதரிடம் ஒரு சிறு சோதனை நடந்தது. கோதுமை, அதன் பசைப்புரதம், சோயா, பால் ஆகியவற்றின் கரைசல்களை மலக்குடற் சவ்வினுள் செலுத்தினர். எரிச்சல் குடல் நோயாளர் 12 பேருள் அனைவரும் ஏதேனும் ஒன்றிற்கு அவ்விடத்தில் வீக்கமோ சிவப்போ காட்டினர். நலமுடையோர் எண்மருள் இருவரே அங்ஙனம் காட்டினர். தொகை சிறிதாயினும், "இவ்வுணவு எனக்கு ஒவ்வவில்லை" என்ற நோயாளரின் சொல்லைப் புறக்கணித்தல் தகாது என்பதற்கு இது சான்றாகும்.

மனமும் குடலும்

இவற்றால் மனத்திற்குப் பங்கில்லை என்று முடிவு கட்டுதல் பிழையாகும். மேற்கூறிய ஷெஃபீல்டு ஆய்விலேயே, தொற்றுக்கு முன்னர் வாழ்க்கையில் பெருந்துன்பங்களை எதிர்கொண்டோர்க்கே நோய் மிகுதியாக நிலைத்தது. உடலும் மனமும் இங்கே கைகோத்து நிற்கின்றன. லூவன் பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான சோதனையில், மாணவர் சிலரை அவையோர் முன் பேசும்படி பணித்தனர். அவ்வச்சத்தால் கார்ட்டிசால் ஹார்மோன் உயர்ந்தவர்களின் குடற்சுவர் அப்பொழுதே கசிவுடையதாயிற்று. மாஸ்ட் செல்லை அமைதிப்படுத்தும் மருந்தை முன்னதாகக் கொடுத்தபோது அவ்விளைவு தோன்றவில்லை. கவலை வயிற்றைக் கலக்குகிறது என்று மக்கள் வழங்கும் சொல்லுக்கு, செல்லின் அளவில் இத்தகைய ஓர் அடிப்படை உள்ளது. ஆகவே, "உடல் நோயா, மன நோயா?" என்று பிரித்துக் கேட்கும் கேள்வியே பொருளற்றதாகிறது.

மருந்துகள் உணர்த்திய உண்மை

அழற்சி காரணமாயின், அதனை அடக்கும் மருந்து நோயை நீக்க வேண்டும் அன்றோ? இக்கருத்து சோதித்துப் பார்க்கப்பட்டது. தொற்றுக்குப் பின் நோய் கண்ட 29 பேரிடம் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தினைச் சோதித்த ஆய்வு 2003இல் வெளியாயிற்று. மூன்று வார மருந்தால் குடற்சுவரில் லிம்ஃபோசைட்டுகள் குறைந்தன. வலியும் பேதியும் குறையவில்லை. பெருங்குடற் புண்ணிற்குப் பயன்படும் மெசலசின் மருந்தும், 2016இல் வெளியான இரு பெரிய சோதனைகளில் போலி மருந்தைவிட மேம்பட்ட பயனைத் தரவில்லை. நரம்பின் கூருணர்ச்சி ஒருமுறை நிலைபெற்றுவிட்டால், படையைக் கலைப்பதனால் மட்டும் அது மறைவதில்லை போலும்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் வழி ஓரளவு நம்பிக்கை தருகிறது. தும்மலுக்கும் தடிப்புக்கும் வழங்கும் எபாஸ்டின் மருந்தினை 202 நோயாளரிடம் 12 வாரம் சோதித்த முடிவு 2024இல் வெளியாயிற்று. வயிற்று வலியிலும் பொது நலத்திலும் ஒருங்கே தேர்ச்சி பெற்றோர், மருந்து உண்டவருள் நூற்றுக்கு 12 பேர்; போலி மருந்து உண்டவருள் நூற்றுக்கு 4 பேர். பயன் உண்டு, ஆயினும் அது சிலர்க்கே உரியது. எவர்க்கு அது பயன்படும் என முன்னதாகவே கண்டறியும் முறையே அடுத்து வேண்டப்படுவது.

நரம்பின் வலியுணர்ச்சியைத் தணிக்கும் மருந்துகளும் பயன் தருகின்றன. மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுத்து 463 பேரிடம் நடந்த ஆய்வில், அது போலி மருந்தைவிடச் சிறந்தது என 2023இல் தெரிய வந்தது. இம்மருந்து மனச்சோர்விற்கும் வழங்கப்படுவது. ஆயின் இங்கே அது கையாளப்படுவது குடல் நரம்பின் பொருட்டு. இசப்கோல் போன்ற கரையும் நார்ப்பொருளும், குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் உணவுகளைக் குறைக்கும் முறையும் பலர்க்கு உதவுகின்றன. இவற்றை மருத்துவரின் அறிவுரையோடு மேற்கொள்வதே ஏற்றது.

இந்திய நிலையில் கருதத் தக்கவை

வயிற்றுப்போக்கு மலிந்த வெப்ப நாடுகளில் இவ்வாராய்ச்சி சிறப்பான பொருள் பெறுகிறது. இந்தியாவில் நெடுநாள் வயிற்றுத் தொல்லை யாவும் எரிச்சல் குடல் நோயாகா. குடற்காசநோய், அமீபா, ஜியார்டியா முதலிய ஒட்டுண்ணிகள், சத்துக்களை உடலில் ஏற்கவொட்டாது தடுக்கும் வெப்பநாட்டு ஸ்புரூ நோய், கோதுமைப் புரதம் ஒவ்வாமையால் வரும் சீலியக் நோய் ஆகியவையும் ஏறத்தாழ இதே குறிகளைக் காட்டும். மலத்தில் இரத்தம், எடை குறைதல், காய்ச்சல், இரத்தச் சோகை, உறக்கத்தினின்று எழுப்பும் பேதி, நடுவயதிற்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரை உடனே அணுகுதல் இன்றியமையாதது.

மற்றொன்று, வயிற்றுப்போக்குக் கண்டவுடன் கிருமிக்கொல்லி மருந்துகளைக் கடையில் வாங்கி உண்ணும் பழக்கம். 2017இன் தொகுப்பாய்வில், தொற்றுக் காலத்தில் இம்மருந்துகளை உட்கொண்டோர்க்குப் பின்னர் எரிச்சல் குடல் நோய் வரும் அபாயம் மிகுந்திருந்தது. கடுமையான தொற்று உடையவரே மருந்தை மிகுதியாக நாடியிருக்கலாம் ஆதலின், பழியை மருந்தின் மேல் முற்றும் சுமத்துதல் இயலாது. எனினும் பெரும்பாலான வயிற்றுப்போக்குகளுக்கு முதற்கண் வேண்டுவது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்க்கரைசலே. கிருமிக்கொல்லியை மருத்துவர் கூறினாலன்றி நாடுதல் கூடாது.

முடிவு

கண்ணுக்குப் புலப்படாத நோய் இல்லாத நோய் ஆகாது. எரிச்சல் குடல் நோயாளருள் ஒரு பகுதியினரிடம், முடிந்து போன ஒரு போரின் எச்சமாகத் தற்காப்புச் செல்கள் விழித்தே நிற்கின்றன. அவை நரம்போடு நடத்தும் ஓயாத உரையாடலே வலியாக உணரப்படுகிறது. இதனை அறிந்த மருத்துவர் நோயாளரின் சொல்லை நம்பிக் கேட்பார். அறிந்த நோயாளர் தம் வலிக்காக நாணவோ, புற்றுநோயோ என அஞ்சி ஊர் ஊராக அலையவோ வேண்டுவதில்லை. அழற்சியை அடக்கும் கடும் மருந்துகளைத் தாமாக நாடுவதும் தவிரும். எல்லாவற்றினும் மேலாக, ஊர்க்குடிநீரைக் காப்பவரின் பொறுப்பு எவ்வளவு நீண்ட காலத்தைத் தொடுகிறது என்பதை வாக்கர்ட்டன் உணர்த்துகிறது. தூய நீரும், கழுவிய கைகளும், மூடி வைத்த உணவும் இன்றைய பேதியைத் தடுப்பதோடு, பல ஆண்டுகளுக்குப் பின் வரக்கூடிய வலியையும் தடுக்கின்றன.